முட்டு அதேதான், ஒத்துக்கொள்ளாதவைதான் மாறுகின்றன

முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருக்கிற பிள்ளைக்கு எங்கள் ஊரில் டொக்டர் மருந்து எழுத முதலே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, தோடம்பழம் கூடாது, இளநீர் கூடாது. இறாலும் நண்டும் கிரந்தி, கத்தரிக்காயும் கிரந்தி. பின்னேரத்துக்குப் பிறகு தலையில் தண்ணீர் படக்கூடாது, மண்ணில் விளையாடக்கூடாது. இப்படி ஒரு பட்டியலோடு வளர்ந்தவள் நான். வளர்ந்த இடம் நீர்வேலி. வாழைக்குலைக்குப் பேர்போன ஊரில், வளவைச் சுற்றி வாழை நிற்க, பழம் தின்ன விடாமல் வளர்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள், வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஐயா, நான், தம்பி, பேரன் என்று நாலு பேருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. நாலு பேருக்கும் ஒத்துக்கொள்ளாதவை வேறு வேறு. ஒரே ஆளுக்கே சின்ன வயதில் ஒன்று, நடு வயதில் இன்னொன்று. அந்தப் பழைய பட்டியலில் பாதி எந்த வயதிலும் சரியில்லை. மற்றப் பாதி ஒரு வயதில் சரி, இன்னொரு வயதில் பிழை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு அரை வாழ்க்கை போய்விட்டது. படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் விளங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அலர்ஜி என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். தூசியோ முட்டையோ இறாலோ, ஒன்றும் செய்யாத ஒரு பொருளை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைச் செய்து, மூக்கிலும் சுவாசக் குழாயிலும் தோலிலும் இருக்கிற மாஸ்ட் கலங்களில் ஒட்டி வைக்கிறது. அடுத்த முறை அதே பொருள் வந்தால் அந்தக் கலங்கள் ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டும். தும்மல், தடிப்பு, கடி, மூச்சிழுப்பு எல்லாம் அதன் விளைவு. புகை அப்படி வேலை செய்வதில்லை. விறகுப் புகை, குப்பை எரிக்கிற புகை, நுளம்புச் சுருள், சாம்பிராணி எல்லாம் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் குழாயை நேரே எரிச்சலூட்டுகின்றன. அதற்கு ஐஜிஈ தேவையில்லை. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வயதோடு ஏறி இறங்குவது முதல் வகைதான். புகை எட்டு வயதிலும் இழுக்கும், எண்பதிலும் இழுக்கும்.

எனக்குத் தொடங்கியது கைக்குழந்தையாக இருக்கும்போதே. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பன். முட்டை தந்தால் வாயைச் சுற்றித் தடிக்குமாம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் முட்டை பிரச்சினை தானாகவே போய்விட்டது, இரவில் முட்டு வந்துவிட்டது. இந்த வரிசை எனக்கு மட்டும் உரியதில்லை. குழந்தைப் பருவத்தில் தோலும் சாப்பாடும், பிறகு மூச்சில் போகிறவை, அதற்கும் பிறகு மூக்கொழுகல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதை டொக்டர்மார் நன்றாக அறிவார்கள். முட்டை, பால் அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். கச்சான், இறால், நண்டு அவ்வளவு இலேசில் விட்டுப்போவதில்லை.

இரவு முட்டுக்கு அம்மா பனிக்காற்றைக் குற்றம் சொன்னா. யன்னலை இறுக்கிச் சாத்துவா. உள்ளே தும்பு மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை, கூரையடியில் கரப்பான்பூச்சி. தூசிப்பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். எங்கள் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துகளைத் தின்று மெத்தைக்குள் வாழும். அதன் எச்சம்தான் மூச்சில் போய் ஆளைப் படுத்துவது. ஈரப்பதன் கூடிய இடத்தில் நன்றாகப் பெருகும். மாரி மழைக்குப் பூட்டிக் கிடக்கிற அறையில், அம்மா பயந்த பனிக்காற்றை விட அம்மா விரித்துத் தந்த படுக்கைதான் எனக்கு எமன். அந்தக் காலத்தில் இதை யார் சொல்ல இருந்தார்கள்?

“ஏழில மாறும், இல்லாட்டிப் பதினாலில மாறும், பேசாமல் இரு பிள்ளை” என்று அம்மம்மா சொல்லுவா. பதினாலை ஒட்டி உண்மையிலேயே மாறியது. சைக்கிளில் கோப்பாய்க்குப் போய் வருவேன், நெற்போல் விளையாடுவேன், ஒன்றும் இல்லை. அம்மம்மாவின் கணக்கில் பிழை சொல்ல முடியாது, சின்ன வயதில் முட்டு இருந்த பலருக்குப் பதின்ம வயதில் அது அடங்குகிறது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நடக்கும். அதனால்தான் சிறு வயதில் முட்டுக்காரர் பையன்களிலே அதிகம், பெரியவர்களில் பெண்களிலே அதிகம்.

ஆனால் பிறகு படித்தபோது ஒன்று என்னை யோசிக்க வைத்தது. இரத்தத்தில் மொத்த ஐஜிஈ மிக உயரத்தில் இருப்பது பொதுவாக அந்தப் பதின்ம வயதில்தான். தோல் பரிசோதனை செய்தால் அதிக பொருட்களுக்குத் தடிப்பு வருவது பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான். அதாவது அலர்ஜி உச்சத்தில் நிற்கும் நேரத்தில் முட்டு அமைதியாக இருக்கலாம். உடம்பு வளர்ந்து சுவாசக் குழாய்கள் அகலமாவது ஒரு காரணம். குழாயின் கூச்சம் அப்போதும் உள்ளே இருக்கும். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முட்டு நின்றுவிட்டது என்றால் சந்தோஷப்படுங்கள், வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்மைத் (இன்ஹேலரை) தூக்கி எறியாதீர்கள். அந்த வயதில் சிகரெட் பழகினால் திரும்பி வருவதற்குக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

எனக்குத் திரும்பி வந்தது 1990க்குப் பிறகு. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை, மருந்துத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகையில் கொப்பி திருத்துவேன். குண்டுச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்க வேண்டும், அங்கே ஈர மண்ணும் பூஞ்சணமும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மழைக்குள் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது ஐயா ஒரு கையில் பையும் மறு கையில் நானுமாக நடந்தார். அந்த நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு கட்டுரையாகிவிடும். அந்த முட்டில் அலர்ஜி எவ்வளவு, புகை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இடையில் மகளைச் சுமந்த மாதங்களில் மட்டும் எனக்கு நல்ல சுகம். எல்லாருக்கும் அப்படி இருக்காது. கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையும், மூன்றில் ஒரு பங்கினருக்குக் கூடும், மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை என்பது வைத்தியர்கள் சொல்லும் பழைய கணக்கு. பிள்ளைக்குக் கூடாது என்று பயந்து பம்மை நிறுத்துகிற பெண்களை இப்போதும் காண்கிறேன். தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

இனி இறால் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் எனக்கு இறால் தடை என்றேனல்லவா? பெரியம்மா வீட்டில் ஒளித்துத் தின்றிருக்கிறேன். ஒரு கோதாரியும் நடக்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு சந்தையில் இறாலும் நண்டும் தாராளமாக வரத் தொடங்கின. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்க, மாதம் ஒருமுறையாவது எங்கள் முற்றத்தில் இறாலும் நண்டும் போட்ட ஒடியற்கூழ். முதலில் உதடு கடிக்கத் தொடங்கியது. மிளகாய்த்தூள் கூடிவிட்டது என்றார்கள். பிறகு தொண்டைக்குள் கடி. அதற்கும் பிறகு கூழ் குடித்து அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு இறுகியது. அடுப்பங்கரைப் புகை என்றார்கள். வீட்டில் நண்டு அவிக்கும்போது குசினிக்குள் நின்றாலே இருமல். எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் புதிதாகச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

பிடித்துக் கொடுத்தது நல்லூர்த் திருவிழா. 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். ஆவணிச் சோளகத்தில் வீதி மணல் பறக்கும், கற்பூரப் புகை, சனநெருக்கம். அந்த நாட்களில் தும்மலும் மூக்கொழுகலும் எனக்குக் குறைவில்லை. ஆனால் உதட்டுக் கடியும் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முட்டும் ஒரு நாளும் இல்லை. திருவிழா முடிந்து முதல் மச்சச் சமையல், இறால் குழம்பு. கை கழுவ முதலே உதடு தடித்துவிட்டது. தூசி கூடிய காலத்தில் நன்றாக இருந்து, தூசி குறைந்த பிறகு வந்தால் தூசி மேல் பழி போட முடியாதே! அதற்குப் பிறகுதான் கிளினிக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எங்கே நின்றேன், காற்று எந்தப் பக்கம், பம் அடித்தேனா. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் “அடிக்கடி வருது டொக்டர்” என்று வாயால் சொல்வதற்கும், எழுதியதைக் காட்டுவதற்கும் டொக்டரின் முகத்தில் வித்தியாசம் தெரிந்தது.

அவர் விளக்கியது இதுதான். இறால், நண்டு போன்றவற்றின் தசையில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் அதே வகைப் புரதம் உண்டு, அமைப்பு மிகவும் கிட்டியது. வருடக்கணக்காகத் தூசிப்பூச்சிக்கு ஐஜிஈ செய்து பழகிய உடம்பு சிலரில் இறாலையும் அதே எதிரி என்று அடையாளம் பிடித்துவிடும். தூசிப்பூச்சி அலர்ஜி உள்ள எல்லாருக்கும் இது வராது, வருகிறவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் வரலாம். அந்தப் புரதம் சூட்டில் இலேசில் அழியாது, நன்றாக அவித்தாலும் பயன் இல்லை. அவிக்கிற ஆவியில் கலந்து மூச்சில் போனாலும் சிலருக்கு முட்டு வரும். மீன் வேறு சங்கதி. அதில் அலர்ஜி உண்டாக்கும் முக்கிய புரதம் வேறு, ஆகவே விளை, பாரை எல்லாம் எனக்குத் தடையில்லை. கணவாயில் மட்டும் கவனம், இறால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. சம்பலுக்குள் இடித்துப் போட்ட கூனி இறால்தான் பெரிய கள்ளன், கண்ணுக்குத் தெரியாது. கடைச் சாப்பாட்டில் கேட்டுத்தான் வாங்குவேன்.

அம்மம்மா உயிரோடு இருந்திருந்தால் “நான் அப்பவே சொன்னனான்” என்றிருப்பா. சொன்னது சரி, முப்பது வருடம் முந்திச் சொல்லிவிட்டா.

ஒன்றை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். முட்டு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் சாப்பாட்டு அலர்ஜியும் இருந்தால் அது உயிராபத்து. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு இறுகி, தலை சுற்றினால் பம் அடித்துவிட்டுப் படுத்திருக்கிற வேலை இல்லை. அதற்கு முதல் மருந்து தசையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். தோல் குத்துப் பரிசோதனையைக் கொழும்பில் செய்துகொண்டேன். முன்கையில் வரிசையாகத் துளி வைத்து மெல்லக் குத்துவார்கள், நோவே இல்லை. 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர்த் துளியில் வருவதை விட 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் பிடித்து வைத்திருக்கிறது என்று கணக்கு. தடிமன், தும்மலுக்குப் போடுகிற அலர்ஜிக் குளிசையை ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முதலே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தடிப்பு வராது. யாழ்தேவியில் தும்மித் தும்மியே போய்ச் சேர்ந்தேன். முட்டு கூடியிருக்கும் நேரத்தில் இந்தச் சோதனை செய்யமாட்டார்கள், பதிலாக இரத்தத்தில் பார்க்கலாம்.

தூசிப்பூச்சிக்கு நல்ல பெரிய தடிப்பு. கரப்பான், இறால், பூனை எல்லாம் தடித்தன. வாழைப்பழம், முட்டை, பால் ஒன்றுக்கும் இல்லை. பூனைக்குத் தடித்ததுதான் வேடிக்கை. எங்கள் வீட்டுப் பூனை வருடக்கணக்காக என் காலடியில் படுக்கிறது, ஒன்றும் செய்ததில்லை. தடிப்பு வந்தால் வருத்தம் என்று அர்த்தமில்லை என்றார் டொக்டர். உடம்பு ஒரு பொருளை அறிந்து வைத்திருப்பது வேறு, அந்தப் பொருளால் ஆள் அவதிப்படுவது வேறு. எழுதி வைத்த குறிப்பும் பரிசோதனையும் ஒத்துப்போகிற இடத்தில்தான் விலக்க வேண்டும். பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தினால் அம்மம்மாவின் பட்டியலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஐம்பதுகளின் கடைசியில் மறுபடி செய்தேன். தூசிப்பூச்சித் தடிப்பு முந்தியதை விடச் சிறிதாகியிருந்தது. பூனை காணாமலே போய்விட்டது. நான் சந்தோஷப்பட்டது டொக்டருக்குப் பிடிக்கவில்லைப் போலும், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஹிஸ்டமின் துளியைக் காட்டினார். அதுவும் சிறிதாகியிருந்தது. வயதாக வயதாகத் தோலே மெலிந்து, தடிக்கிற வலு குறைந்துவிடும். ஆகவே முதியவரின் கையில் தடிப்பு சிறிதாக இருப்பதில் ஒரு பங்கு தோலின் மூப்பு. மற்றப் பங்கு உண்மை: ஐஜிஈ வயதோடு மெல்ல இறங்குகிறது, புதிய பொருட்களுக்கு அலர்ஜி பிடிப்பதும் குறைகிறது. ஆனால் சின்ன வயதிலிருந்தே அலர்ஜி உடம்புக்காரராக இருப்பவர்களில் அந்த இறக்கம் மிகவும் மெதுவு. அறுபது, எழுபது வயது முட்டுக்காரர்களிலும் தூசிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் அலர்ஜி இருப்பவர்கள் நிறைய. எனக்கு இறால் இன்னும் தடிக்கிறது. அது பெரும்பாலும் வந்தால் போகாத வகை.

“அப்ப பம்மைக் குறைக்கலாமா டொக்டர்?” என்று கேட்டேன். அலர்ஜி குறைவதால் முட்டு குறைவதில்லை, சில வேளை மாறி நடக்கும் என்றார். வயதோடு நுரையீரலின் வேலைத்திறன் தானாகவே இறங்குகிறது. பல வருட அழற்சியில் குழாய்ச் சுவர் தடித்திருக்கும். நெஞ்சு இறுகுவதை உணர்கிற திறனும் மழுங்கும், அதனால் முதியவர் நன்றாக மோசமாகும் வரைக்கும் “ஒண்டுமில்லை” என்பார். மூன்று மாதமாவது நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் ஸ்டீரொய்ட் பம்மின் அளவைப் படியாகக் குறைத்துப் பார்க்கலாம், அதையும் அவர்தான் செய்வார். அப்படித்தான் செய்தோம். இப்போது முந்தியதில் பாதி அளவு.

தம்பியின் கதை வேறு மாதிரி. அவனுக்கு ஊரில் இருக்கும்போது முட்டு பெரிதாக இல்லை. ரொறன்ரோ போய்ச் சில வருடங்களில் ஆவணிக் கடைசியில் கண் கடி, தும்மல், பிறகு இழுப்பு. அங்கே ரக்வீட் என்ற களை அந்தக் காலத்தில்தான் மகரந்தம் கொட்டும், உறைபனி விழும் வரை ஓயாது. புது நாட்டுக்குப் போன உடனே அலர்ஜி வராது. உடம்பு அந்த மகரந்தத்தோடு சில வருடம் பழகிய பிறகுதான் வரும். புலம்பெயர்ந்த எங்கள் சனத்தில் பலருக்கு இது நடக்கிறது. ஊருக்கு வந்தால் சுகம் என்று நினைத்து வந்தான். வந்து மூன்றாம் நாள் காணி பார்க்கப் போனவன் கண் சிவந்து திரும்பினான். காணி முழுக்கப் பார்த்தீனியம். ரக்வீட்டும் பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்றுக்கு அலர்ஜி உள்ள உடம்பு மற்றதையும் அடையாளம் பிடிக்கலாம். ஊரை விட்டுப் போகும்போது அந்தக் காணியில் இந்தச் செடியும் இல்லை, அவனுக்கு அந்த அலர்ஜியும் இல்லை. பார்த்தீனியத்தைப் பிடுங்குகிறவர்கள் பூக்க முதல், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். முட்டு உள்ளவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வேலைக்கு வேண்டாம்.

பேரனுக்கு முட்டையும் கரப்பனும், என்னைப் போலவே. மகள் இரண்டையும் வைத்துப் பயந்து இறால், கச்சான், மாம்பழம் என்று தடுக்கத் தொடங்கினாள். நான் விடவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடுமையான கரப்பனோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் கச்சானைப் பிள்ளைக்கேற்ற விதத்தில் கொடுக்கத் தொடங்கியதில் ஐந்து வயதில் கச்சான் அலர்ஜி மிகவும் குறைந்திருந்தது. தடுத்து வைத்த பிள்ளைகளில்தான் கூட. அப்படியான பிள்ளைக்கு வீட்டில் தானாகப் பரீட்சை பார்க்கக்கூடாது, டொக்டரிடம் கேட்டுத்தான். முழுக் கச்சான் சின்னப் பிள்ளைக்கு விக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பேரன் இப்போது கேக்கில் வெந்த முட்டையைச் சாப்பிடுகிறான், பொரித்த முட்டை இன்னும் இல்லை. நன்றாக வெந்த முட்டைதான் முதலில் ஒத்துக்கொள்ளத் தொடங்கும்.

வீட்டில் செய்கிறவை பற்றிக் கேட்பார்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் சிப் வைத்த நெருக்கமான உறை போட்டிருக்கிறேன். விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில், 60 பாகை அளவு சூட்டில் தோய்க்கிறேன். எங்கள் வெயில் பெரிய உதவி, கோடையில் மெத்தையைக் காயப் போட்டால் பூச்சி சாகும். ஆனால் செத்த பூச்சியின் எச்சம் அங்கேயே இருக்கும், முட்டு இல்லாத ஒருவர் வெளியில் வைத்துத் தட்ட வேண்டும். விளக்குமாற்றால் கூட்டுவதை விட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. நுளம்புச் சுருளுக்குப் பதில் வலை. இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிய பயன் இல்லை, சேர்த்துச் செய்தாலும் மருந்துக்கு அது ஈடில்லை.

இனி ஐயா. எழுபது வயதுகளின் கடைசியில் அவருக்கு இழுப்புத் தொடங்கியது. எங்கள் கண் முழுக்கத் தூசியில்தான். மெத்தை மாற்றினோம், பூனையைத் துரத்தினோம், கிடுகு வேலியைக்கூடப் பிரித்துத் தகரம் அடித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. பரிசோதனையிலும் அலர்ஜி பெரிதாக இல்லை. கடைசியில் நெஞ்சு டொக்டர் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். பைக்குள் கண் அழுத்தத்துக்கு விடுகிற சொட்டு மருந்து இருந்தது, டிமோலோல். கண்ணில் விட்டாலும் அது இரத்தத்தில் சேர்ந்து சுவாசக் குழாயை இறுக்கக்கூடிய மருந்து, முட்டு உள்ளவர்களுக்குக் கூடாது. ஐயாவுக்குச் சின்ன வயதில் முட்டு இருந்திருக்கிறது. “அது எழுபது வருசத்துக்கு முந்தின கதை, அதை ஏன் கண் டொக்டருக்குச் சொல்லுவான்?” என்று கேட்டார். கண் டொக்டர் வேறு சொட்டு மருந்துக்கு மாற்றினார், கிழமைக் கணக்கில் இழுப்பு நன்றாகக் குறைந்தது.

முதுமையில் புதிதாகவோ திரும்பவோ வருகிற முட்டில் அலர்ஜியை மட்டும் தேடக்கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிரஷருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கிற பீட்டா புளொக்கர் வகை, சிலருக்கு அஸ்பிரின், மூட்டு நோவுக்கு விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் எல்லாம் முட்டு வருத்தத்தைக் கிளப்பலாம். மூக்கில் சதை வளர்ந்து, நடுத்தர வயதில் முட்டு தொடங்கியவர்கள் நோக்குளிசையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்காக இருதயக் குளிசையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல் என்றால் அது இருதயமாகவும் இருக்கலாம். ஊதிப் பார்க்கும் சோதனையில் பம் அடிக்க முதலும் பின்னும் அளப்பார்கள். வளர்ந்தவர்களில் ஒரு விநாடியில் ஊதும் காற்று 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் குழாய் மருந்துக்கு விரிகிறது என்று கணக்கு.

ஐயாவின் கடைசிச் சிக்கல் மருந்தில் இல்லை, கருவியில். கிளினிக்கில் தருகிற கப்சூலை உடைத்துத் தூளாக உறிஞ்சுகிற கருவிதான் அவரிடம் இருந்தது. அதற்கு வேகமாக, பலமாக உள்ளிழுக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய நெஞ்சுக்கு அந்த வலு இல்லை, பாதித் தூள் கப்சூலிலேயே கிடந்தது. பம்மை அழுத்தவோ விரல் மூட்டு விடவில்லை, அழுத்தினாலும் மூச்சோடு நேரம் ஒத்துவரவில்லை. தாதி ஒருவர் பம்முக்கும் வாய்க்கும் இடையில் வைக்கிற குழாயான ஸ்பேசரைப் பொருத்தி, ஐயாவைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தி, பம்மை நாங்கள் அழுத்த அவர் ஆறுதலாக நாலைந்து மூச்சு இழுத்தால் போதும் என்று காட்டித் தந்தார். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரொய்ட் தங்கி நாக்கில் வெள்ளை படரும். ஸ்பேசரைச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிவிடும். இப்போது காலையில் பம் அடிப்பது என் வேலை, பின்னேரம் பேரனின் வேலை. “தாத்தா, இன்னொருக்கா இழுங்கோ” என்று அவன் அதட்டினால்தான் ஐயா ஒழுங்காக இழுக்கிறார்.